பக்கத்துத் தறியில் ஒரு ஸ்பீக்கர்

எங்கள் வீட்டில் அம்மா டிவி பார்க்க மாட்டாள். கேட்பாள். சேவூரில் தறி ஓடுகிற பல வீடுகளில் அப்போது இதுதான் வழக்கம். கண் பாவு நூலின் மேல் இருக்கும், கை குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருக்கும், கால் மிதியில் இருக்கும். சும்மா இருப்பது காது ஒன்றுதான். எங்கள் வீடு நீளமான வீடு. முன்னால் கூடம், நடுவில் சமையலறை, கடைசியில் தறி ரூம். கூடத்து டிவியை எவ்வளவு ஏற்றி வைத்தாலும் பேச்சு அங்கே போய்ச் சேர்வதற்குள் வெறும் இரைச்சலாகிவிடும். அதற்காகத்தான் ஸ்பீக்கர் பாக்ஸ் வந்தது.

சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் அதற்காக மட்டும் வரவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆனதால் வந்தது.

தறி ரூமில் இரண்டு தறிகள். ஒன்றில் அம்மா, பக்கத்தில் அக்கா. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. அப்படி என்னதான் பேசினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்திவிட்டு, "இன்னாடா வேணும்?" என்பார்கள். அக்காவைப் பெரணமல்லூரில் கட்டிக் கொடுத்தோம். நல்ல இடம், நல்ல மாப்பிள்ளை. குறை சொல்ல ஒன்றும் இல்லாததால் அம்மாவுக்கு அழக்கூட ஒரு சாக்கு கிடைக்கவில்லை. தறியில் உட்காருவாள், கொஞ்சம் ஓட்டுவாள், எழுந்து வந்துவிடுவாள். ஒரு நாள் முதுகு வலி என்பாள், மறுநாள் கால் மரத்துப்போகிறது என்பாள். டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். தறியில் ஏற்றிய பாவு அப்படியே கிடந்தது. பேசுவதையே வீண் செலவாக நினைக்கும் அப்பா ஒரு நாள் வாயைத் திறந்தார்.

"ரூம்ல பேச்சு இல்ல. அதான்."

அப்போது நான் செய்யாரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு. ஆரணி பஜாரில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லி, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்த நீளமான ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்றைச் செய்து வாங்கினேன். டிவிக்குப் பின்னாலிருந்து ஒரே வயர், அலமாரிக்குப் பின்புறமாக, சமையலறைச் சுவரோரம் தறி ரூமுக்குப் போனது. பாக்ஸைச் சுவரில் ஆணி அடித்து அழகாக மாட்டினேன். மறுநாள் வந்து பார்த்தால் அம்மா அதைக் கழற்றி, அக்கா உட்காருகிற பலகை மேல் வைத்திருந்தாள். "ஆணி தாங்காதுடா" என்றாள். ஆறங்குல ஆணி. எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் தறி ஓடியது. சாயங்கால சீரியல் ஒன்றில் கதாநாயகியின் குரல் அக்கா குரல் மாதிரியே இருக்கிறது என்று அம்மா சொன்னாள். கொஞ்சம் இருந்தது, எனக்கும் தோன்றியது. அந்தப் பெண் மாமியாரிடம் எதையாவது உளறிவிட்டால் அம்மா நெய்துகொண்டே, "அதப் போயி அவகிட்ட ஏண்டி சொன்ன?" என்று பலகையைப் பார்த்துக் கேட்பாள். நாங்கள் சிரிப்போம். அவளுக்குக் கவலையில்லை. சேலை இறங்கியது, அடுத்த சேலை தொடங்கியது.

ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் கேட்கவில்லை. பாக்ஸில் சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது, ஆனால் சத்தம் இல்லை. டிவி கூடத்தில் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தது.

"யாராவது தொட்டீங்களா?"

"யாரும் தொடல" என்றாள் அம்மா.

ரிமோட்டில் இருந்த எல்லாப் பட்டனையும் அழுத்தினேன். வயரின் பின்னைக் கழற்றி, ஊதி, துடைத்து, மறுபடி சொருகினேன். கூடத்தில் நின்று "கேக்குதாம்மா?" என்று கத்துவேன். உள்ளேயிருந்து "இல்ல" என்று வரும். பாக்ஸின் தலையில் தட்டினால் சத்தம் வரும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தட்டினேன். வலித்தது எனக்குத்தான்.

பாக்ஸை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன். மெக்கானிக் தன் வயரைச் சொருகினார். கடை அதிரப் பாடியது. "நல்லாத்தானே கீதுங்க?" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ஊமை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை ஏரியில் போட்டிருப்பேன்.

இதற்கு நடுவில், சீரியல் நேரத்துக்கு அம்மா கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். முதல் தடவையாக அந்தக் கதாநாயகியைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, ஒல்லியாக, வில் மாதிரி புருவத்தோடு ஒரு பெண்.

"இவளா?"

"ஆமாம்மா, இவதான்."

"கொரல் அதேதான். மூஞ்சி வேறயா கீதே."

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அடுத்த நாள் சீரியலுக்கு வரவில்லை, தறிக்கும் போகவில்லை. கால் மரத்துப்போகிறது என்றாள். அந்தப் பழைய பேச்சு திரும்பி வந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

மறுபடி பஜாருக்குப் போனேன். மெக்கானிக் ஒரு துண்டு வயரைக் கொடுத்து, பாக்ஸை டிவி பக்கத்திலேயே வைத்து இதைச் சொருகிப் பாருங்கள் என்றார். சொருகினேன். பேசியது. ஆக டிவியும் நல்லது, பாக்ஸும் நல்லது, கோளாறு நீள வயரில். அதைக் கூடத்தில் இருந்து தறி ரூம்வரை விரலால் தடவிக்கொண்டே போனேன். எங்கும் அறுந்திருக்கவில்லை.

"எலி ஏதாவது கடிச்சிருக்கும். தெரியமாட்டேங்குது" என்றேன்.

"எலி கடிச்சத நான் அன்னிக்கே பிணைச்சிட்டனே" என்றாள் அம்மா.

அலமாரிக்குப் பின்னால் கை விட்டு இடத்தைக் காட்டினாள். காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை. புதுப் பாவு ஏற்றும்போது பழைய பாவின் நுனியோடு இழைக்கு இழை பிணைப்பார்கள். விரலில் சாம்பல் தொட்டு இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு முறுக்கு. தடவினால் கைக்குத் தட்டக்கூடாது, அதுதான் வேலை. வயரையும் அம்மா அப்படியே பிணைத்து, மேலே கறுப்புப் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றியிருந்தாள். தறி வீட்டில் அறுந்த இழையைப் பிணைத்ததை யாரும் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை. அதைத் தொட்டதாகவும் கணக்கு வைப்பதில்லை.

நூலைப் பிரித்தேன். அந்த வயருக்குள் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய கம்பிகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறை. அம்மா உறையைச் சீவி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே முறுக்காக முறுக்கியிருந்தாள். அவ்வளவு அழகான முறுக்கை நான் எந்த எலக்ட்ரீஷியனிடமும் பார்த்ததில்லை.

"நல்லாத்தான்மா பிணைச்சிருக்க. ஆனா உள்ள கம்பியும் வெளிக்கம்பியும் ஒண்ணோட ஒண்ணு படக்கூடாது. பட்டா சத்தம் வராது."

"ஒரே தோலுக்குள்ள குந்திகினு, படாம இருக்கணுமா? இன்னா பேஜார் புடிச்ச வயருடா இது."

நான் டேப் எடுத்து வருவதற்குள் அவளே உட்கார்ந்துவிட்டாள். கடித்த இடத்தை வெட்டி எறிந்து, உள் கம்பியை முதலில் பிணைத்து, பட்டு நூலால் இறுக்கிச் சுற்றினாள். அதன் மேல் வெளிக்கம்பிகளைப் பிணைத்து மறுபடி சுற்றினாள். எனக்கு அங்கே வேலையே இல்லை.

பாக்ஸைப் பலகை மேல் வைத்துவிட்டு நான் கூடத்துக்கு வந்தேன். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பேச ஆரம்பித்ததும் கத்தினேன்.

"கேக்குதாம்மா?"

உள்ளே தறி ஓடவில்லை. வயர் சரியாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். என் பயம் வேறு. இவ்வளவு நாள் அந்தக் குரலுக்கு அக்காவின் முகத்தை வைத்துக்கொண்டு நெய்தவள், இப்போது அந்த வெளுத்த முகத்தைப் பார்த்துவிட்டாளே. இனி அது அவளுக்கு யாரோ ஒருத்திதானே. நான் கவலைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

மறுபடி கேட்க வாயைத் திறந்தபோது உள்ளே மிதி இறங்கியது. தறி அடிக்கும் சத்தம் வந்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு நிற்காமல். சமையலறைவரை போய் நின்றேன். அம்மா தலையைத் தூக்கவில்லை.

"சத்தத்தக் கொஞ்சம் கொறைடா" என்றாள். "பக்கத்து தறியில குந்தினு கீறவ இப்டியா கத்துவா?"

போய்க் குறைத்தேன்.