பூவுக்குச் சட்டை தைத்தவர்

தையல்காரர் தன் காலத்தில் எத்தனையோ கல்யாணக் கோட்டுகளைத் தைத்தவர். ஆனால் தெருவில் அவர் பேர் நிலைத்தது பூவுக்குச் சட்டை தைத்ததால்தான். மொட்டை மாடியில் தக்காளிச் செடிகளின் பூங்கொத்து ஒவ்வொன்றுக்கும் மெல்லிய வலைத்துணியில் ஒரு பை, வாயில் சுருக்குக் கயிறு. தேனீ உள்ளே போகக் கூடாது. போனால் விதை பிடித்துவிடும். விதை பிடித்தால் அவர் மனைவிக்கு ஆகாது.

அவளுக்குக் குடலில் கோளாறு. விதையுள்ள எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, "தக்காளியுமா டாக்டர்?" என்று கேட்டவள். கடைக்காரர் எடை போட்டு முடிப்பதற்குள் ஒரு பழத்தைக் கடித்துவிடும் ரகம். தையல்காரர் மனசு கேட்காமல் லைனிங் துணியில் தக்காளியைப் பிழிந்து வடிகட்டி, கிண்ணத்தில் கொண்டுபோய் நீட்டினார். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"இது தக்காளி இல்லைங்க. தக்காளியோட பேய்."

அப்புறம்தான் அலைந்து திரிந்து, ஒரு நாற்றுப் பண்ணையில், தேனீ தொடாவிட்டால் விதையில்லாமலே காய்க்கும் ரகத்தில் ஒரே ஒரு நாற்று வாங்கி வந்தார். முதல் பழத்தை அறுத்தால் உள்ளே வெறும் சதை. உப்புத் தூவி, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். மறுநாள் வயிறு ஒரு தொந்தரவும் செய்யவில்லை. அந்த மத்தியானத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நாக்கில் உப்புக் கரிக்கும்.

இதில் ஒரு சங்கடம். விதையே இல்லாததை எப்படி விதைப்பது? மற்றவர்கள் இலையிடுக்கில் முளைக்கும் பக்கத் தளிரைக் கிள்ளி எறிவார்கள். இவர் அதைத் தண்ணீர் டம்ளரில் போட்டு, வேர் விட்டதும் தொட்டியில் நடுவார். பழைய செடி ஓய்வதற்குள் தளிர் செடியாகிவிடும். ஆக, வருஷக்கணக்காக அந்த மாடியில் காய்த்ததெல்லாம் அதே ஒரு செடிதான்.

தையல்காரருக்கு அப்போது சிகரெட் பழக்கம் உண்டு. புகையிலைக் கையோடு தொட்டால் தக்காளிக்கு நோய் ஒட்டும் என்று பண்ணைக்காரர் சொன்னதை இவர் காற்றில் பறக்கவிட்டார். அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மாடிப்படி முடியுமிடத்தில் வாளியும் சோப்பும் வந்தன. நச்சரிப்புத் தாங்காமல் கடைசியில் சிகரெட்டையே விட்டார். "செடிக்காக விட்டீங்க. எனக்காகவா விட்டீங்க?" என்று அதற்கும் ஒரு குத்தல்.

அவளுக்கு வாய் சும்மா இருக்காது. டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது, இதே கோளாறோடு வந்திருந்த தபாலாபீஸ்காரி ஒருத்தியிடம் எல்லாக் கதையும் சொல்லி, வீட்டுக்கே கூட்டிவந்து, வேர்விட்ட தளிர் ஒன்றை டம்ளரோடு நீட்டினாள். தையல்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"பழம் வேணும்னா பழம் தர்றேன். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் செடியைத் தூக்கிக் கொடுக்க நான் என்ன பண்ணையா வெச்சிருக்கேன்?"

வந்தவள் முகம் செத்துப்போய் டம்ளரைக் கீழே வைக்கப் பார்த்தாள். மனைவி விடவில்லை. அவள் கையிலேயே திணித்து, வாசல்வரை போய், குசுகுசுவென்று ஏதேதோ சொல்லி அனுப்பினாள்.

மனைவியைக் கொண்டுபோனது வயிறு இல்லை. ஒரு மதியத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் நச்சரிக்க ஆளில்லை. சிகரெட் மறுபடி விரலுக்கு வந்தது. பொழுது போகாமல் மாடிக்குப் போவார், செடிகளைத் தடவிக் கொடுப்பார், அவளிடம் பேச வேண்டியதையெல்லாம் அவற்றிடம் பேசுவார். படியோரத்துச் சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்தது.

இலைகளில் மஞ்சள் திட்டுகள் விழுந்தன. நுனிகள் நூலாகச் சுருண்டன. ஒரு செடியில் தொடங்கி எல்லாவற்றுக்கும் பரவியது. பண்ணைக்காரர் இலையைப் பார்த்ததுமே, "சிகரெட் பிடிக்கிறீங்களா?" என்றார். தளிரிலும் நோய் இருக்கும், எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடுங்கள், அந்த ரகம் இப்போது வருவதே இல்லை என்றும் சொன்னார்.

பிடுங்கினார். அவள் கண்ணை மூடித் தின்ற பழத்தைத் தந்த செடியைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோமே என்று காலித் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அப்போதுதான் அந்த டம்ளர் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு எந்த முகத்தோடு போவது? இருந்தாலும் தபாலாபீஸில் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார். கதவைத் திறந்தவள் ஆளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அக்கா போனது தெரியும்ணே. உங்களை நினைச்சுத்தான் வரத் தைரியம் வரலை."

"அந்தச் செடி... இருக்காம்மா?"

பின்பக்கம் கூட்டிப்போனாள். சுவரோரம் வரிசையாகத் தொட்டிகள், இலையெல்லாம் பச்சைப் பசேலென்று. பூங்கொத்துகளுக்குப் பழைய கொசுவலையில் கோணல்மாணலாகத் தைத்த பைகள். அந்தத் தையலைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. கை தானாக நீண்டது.

அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க. அக்கா அன்னிக்கு வாசல்ல, 'எங்க வீட்டுக்காரரே வந்தாலும் கழுவாம விடாதே'ன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க."

தையல்காரர் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியைக் குப்பைக்கூடையில் போட்டார். குழாயடியில் சோப்பு இருந்தது. முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.