பிரைமர் வெடிச்சுது, துவக்கு வெடிக்கேல்ல

எங்கட குடும்பத்தில வேட்டைக்குப் போற ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர். ஒண்டு நான், மற்றது மச்சாள். மாமான்ர மகள், என்ர வயசுதான், அஜின்கோர்ட்டில ஒரு பல்லு டொக்டரிட்ட வேலை செய்யிறாள். மிச்ச ஆக்கள் எல்லாம் "இறைச்சி கடையில கிடக்குதுதானே, ஏன் குளிருக்க போய்க் குந்துறியள்" எண்டு கேக்கிற கோஷ்டி.

நாங்கள் ரெண்டு பேரும் வைச்சிருக்கிறது இடியன். குழல் வாயால வெடிமருந்தைப் போட்டு, குண்டை வைச்சு, கம்பியால இடிச்சு இறக்கிற துவக்கு. அவளின்ரது பழைய ஸ்டைல், வெளியில சுத்தியல், குறி பாக்கிற ஸ்கோப் கிடையாது. என்ரது புதுசு. மழை உள்ள போகாது, ஸ்கோப் இருக்கு, பின்பக்கம் மடிச்சுத் திறந்து, மருந்தைப் பத்த வைக்கிற பிரைமரை வைக்கலாம். இதாலதான் எங்களுக்குள்ள எப்பவும் சண்டை. அண்டைக்கும் ஹைவேயில ஏற முதலே தொடங்கீட்டாள்.

"உது இடியன் இல்லையடா, லோட் பண்ண நேரமெடுக்கிற ரைஃபிள். இடியன்காரருக்குத் தனி வேட்டை சீசன் ஏன் தந்தவை? கஷ்டமெண்டபடியாத்தான். நீ கஷ்டத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டு சீசனை மட்டும் வைச்சிருக்கிறாய்."

"மானுக்கு உன்ர கஷ்டம் தேவையோ? அதுக்கு ஒரே வெடியில முடியோணும். நீ குத்துமதிப்பாச் சுட்டு, அது காயத்தோட ஓடி எங்கயோ கிடந்து சாகிறதைவிட என்ர ஸ்கோப் புண்ணியம்."

"நான் கிட்டப் போய்த்தான் சுடுவன்."

"ஓமோம், மான் உனக்காண்டி நிண்டு போஸ் குடுக்கும்."

நான் வாய் காட்டினாலும் உள்ளுக்க பயம்தான். போன வருசம் பயிற்சிக்குப் போன இடத்தில கதைச்சுக் கதைச்சு லோட் பண்ணினன். ஏற்கெனவே லோட் பண்ணினதை மறந்து திரும்பவும் மருந்து ஊத்தப் போனன். அவள் கையைப் பிடிச்சு நிப்பாட்டினாள். இல்லாட்டி குழல் வெடிச்சு என்ர விரலைப் புல்லுக்க தேடியிருப்பம். அண்டைக்கே சொல்லீட்டாள்: "இன்னொருக்கா சேஃப்டியில பிழை விட்டியெண்டா, அதோட கட்." கார் அவளின்ர. நாங்கள் வேட்டைக்குப் போற காணி அவளின்ர பொஸ்ஸின்ர தம்பியின்ர. அவள் கட் பண்ணினா டோர்செட் பார்க்கில எங்கட பதினோராம் மாடி பல்கனியில நிண்டு புறா பாக்கிறதுதான் என்ர வேட்டை.

போய்ச் சேர்ந்தவுடன அவள் லோட் பண்ண முதல், பிரைமர் மாதிரி அவளின்ர துவக்குக்கு வைக்கிற கேப் ரெண்டை மட்டும் வைச்சு நிலத்தைப் பாத்துச் சுட்டாள். குழல் வாய்க்கு முன்னால கிடந்த காய்ஞ்ச இலை துள்ளிச்சுது. இலை துள்ளினா நெருப்புப் போற வழியில அடைப்பில்லை எண்டு அர்த்தம்.

"நீயும் ஒண்டு சுட்டுப் பார். நான் காணிக்காரருக்குச் சொல்லிப்போட்டு வாறன்" எண்டு போனாள்.

நான் சுடேல்ல. புதுத் துவக்குக்கு உது எதுக்கு? அவள் திரும்பி வந்து "சுட்டனியோ?" எண்டு கேக்க, "ஓம்" எண்டன். கூச்சமே இல்லாமல்.

ஒரு மணித்தியாலம் செம்மஞ்சள் தொப்பியோட பைன் மரத்துக்குக் கீழ ரெண்டு பேரும் குந்தி இருந்தம். மூக்கு இருக்கோ எண்டு தொட்டுத் தொட்டுப் பாத்தன். அப்ப வந்துது மான். ஸ்கோப்புக்க அதின்ர கண்மடல் தெரியுது. மூச்சை அடக்கி விசையை இழுத்தன்.

"டப்."

அவ்வளவுதான். பிரைமர் வெடிச்சுது, துவக்கு வெடிக்கேல்ல. மான் நிமிந்து, ஆர் இந்த விசரன் எண்ட மாதிரி என்னைப் பாத்துது. என்ர கை தன்பாட்டில துவக்கைத் திறக்கப் போகுது.

"திறக்காத!" மச்சாள் பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னாள். "அப்பிடியே பிடி. உள்ளுக்க நெருப்பு இருக்கலாம், பிந்தி வெடிக்கும். ரெண்டு நிமிசம்."

பிடிச்சுக்கொண்டு நிண்டன். மான் ரெண்டு அடி கிட்ட வந்து புல்லுத் திண்டுது. பிறகு நடந்து அவள் சுடேலாத பக்கமாப் போய் மறைஞ்சுது. ஸ்கோப்புக்க வெறும் மண்மேடு.

ரெண்டு நிமிசம் முடிய பிரைமரை எடுத்து, குழல் வாயை மேட்டுப் பக்கமே வைச்சுக்கொண்டு அடி மூடியைக் கழட்டி, மருந்தையும் குண்டையும் வெளிய தள்ளினம். மூடிக்கு நடுவில ஒரு ஊசித் துவாரம் இருக்கும். பிரைமரின்ர நெருப்பு அதுக்குள்ளால போய்த்தான் மருந்தில பத்தும். துவாரம் முழுக்க மஞ்சளா ஏதோ காய்ஞ்சு இறுகிக் கிடந்துது. மச்சாள் மணந்து பாத்தாள்.

"டேய், சந்தனம்."

சரஸ்வதி பூசை! புத்தகம், லப்டொப், அப்பாவின்ர ட்ரில், எல்லாத்தோடயும் என்ர துவக்கையும் சாமிக்கு முன்னால வைச்சனான். உள்ளுக்க மருந்து இல்லையெண்டு எல்லாருக்கும் தெரியட்டும் எண்டு பூட்டுப் போட்டு, மடிச்சுத் திறந்துதான் வைச்சனான். வெளியில இருந்த பொட்டெல்லாம் அண்டைக்கே துடைச்சாச்சு. உள்ளுக்க ஆர் பாத்தது? அம்மாவுக்கு ஃபோன் அடிச்சு ஸ்பீக்கரில போட்டன்.

"அம்மா, துவக்குக்குள்ளயும் பொட்டு வைச்சனீங்களோ?"

"ஓம், நடுவில வடிவான வட்டம் ஒண்டு இருந்துது. அங்கதானே வைக்கிறது? ஏன், நல்லாச் சுட்டுதோ?"

மச்சாள் சிரிச்சுச் சிரிச்சுச் சேத்துக்க குந்தீட்டாள். முழுப் பழியையும் அம்மாவில போட்டிட்டுத் தப்பியிருக்கலாம். ஆனா சிரிப்பு அடங்க யோசிக்கத் தொடங்கினாள். அவளுக்கு மூளை வேலை செய்யும், அதுதான் பிரச்சினை.

"காலமை பிரைமர் சுட்டிருந்தா இலை துள்ளியிராதே. நீ பாக்கேல்லையோ?"

"நான் சுடவே இல்லை. பொய் சொன்னனான்."

காருக்குத் திரும்பி வந்தம். துவக்கு ரெண்டையும் பெட்டிக்க வைச்சுப் பூட்டினாள்.

"சுடாதது ஒண்டு. பொய் மற்றது. எத்தினை பிழை?"

"ரெண்டு. ஆனா திறக்காமல் நிண்டனான் எல்லோ?"

"திறக்காத எண்டு சொன்னது ஆர்?"

நான் காரில ஏறி பெல்ட்டைப் போட்டன்.

"வாற சனிக்கிழமை நான் போறன்" எண்டாள். "நீ வாறதெண்டா துவக்கு இல்லாமல் வா. மான் விழுந்தா இழுக்க ஆள் வேணும். இந்த சீசன் முழுக்க உனக்கு அதுதான் வேலை."

எவ்வளவு அவமானம்! டிகிரி முடிச்ச ஆள், ஸ்கோப் வைச்ச துவக்குக்காரன், மான் இழுக்கிற கூலி. ஒரு கிலோமீற்றர் மானத்தோட ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கொண்டிருந்தன்.

பிறகு, "எத்தினை மணிக்கு வெளிக்கிடுறம்?" எண்டு கேட்டன்.