ஓடுபாதை உலர்ந்துள்ளது

சத்தியமாக நடந்தது. நம்பாவிட்டால் போங்கள். விசாரணைக் குழுவே நம்பவில்லை, நீங்கள் நம்பி எனக்கு என்ன வந்துவிடப் போகிறது?

ராணுவ விமானத் தளத்தில் வானிலை அறை. அங்கேதான் எனக்கு வேலை. காற்று, மேகம், ஓடுபாதையின் நிலை எல்லாவற்றையும் பார்த்து, ஒரு பெட்டியில் பேசிப் பதிவு செய்வேன். அடுத்த பதிவு வரும்வரை அதே குரல் விமானிகளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்கும். ஒவ்வொரு பதிவுக்கும் வரிசையாக ஓர் ஆங்கில எழுத்து. இறங்க வருகிறவன் எந்த எழுத்தைக் கேட்டான் என்று சொல்லியாக வேண்டும். பழைய தகவலை நம்பி இறங்கிவிடக் கூடாது அல்லவா, அதற்காக.

பேய் ராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்தது.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜீப்பில் போய் நானே பார்த்தேன். ஓடுபாதையின் கடைசிப் பகுதியில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் ஜெட் இறங்கினால் சக்கரம் மிதக்கும், பிரேக் பிடிக்காது. திரும்பி வந்து பதிவு செய்தேன். "தகவல் எஃப். ஓடுபாதையில் தண்ணீர் தேங்கியுள்ளது. பிரேக் பிடிப்பு மோசம்." வழக்கப்படி ஒருமுறை போட்டுக் கேட்டேன். சரியாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் இறங்க வேண்டியவன் ஒருவன்தான். வாலு என்று நாங்கள் கூப்பிடும் பயல். "மாமா, உங்க வாயால ஒரு நாளாச்சும் நல்லதா சொல்லுங்களேன்" என்று தினமும் என்னை வம்புக்கு இழுப்பான். எனக்கு அவன்மேல் சொந்தப் பிள்ளை மாதிரி பாசம்.

டீயை வாயருகே கொண்டுபோனேன். ஸ்பீக்கரில் என் குரல் மூன்றாவது சுற்று வந்தது.

"...ஓடுபாதை உலர்ந்துள்ளது."

காதுதான் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த சுற்றைக் கவனித்துக் கேட்டேன். அதே வார்த்தை. அதற்கு முன்னால் ஒரு மூச்சு... யாரோ சிரிப்பை அடக்கிக்கொள்வது போல.

மறுபடி பதிவு செய்தேன். எழுத்து ஜி. முதல் சுற்று சரி. இரண்டாவது சரி.

மூன்றாவது... "உலர்ந்துள்ளது."

வயரைப் பிடுங்கினேன். பெட்டியின் விளக்கு அணைந்தது.

குரல் நிற்கவில்லை.

விமானங்களுக்கு இறங்க அனுமதி கொடுக்கும் டவருக்குப் போன் செய்தேன். அங்கே எடுத்தவன் என்னைப் பேசவே விடவில்லை.

"என்னண்ணே, இப்பதானே கூப்பிட்டு காய்ஞ்சிருக்குன்னு சொன்னீங்க?"

"நான் கூப்பிடவே இல்லப்பா! தண்ணி! இறக்காதீங்க!"

அதற்குள் ரேடியோவில் வாலுவின் குரல்.

"தகவல் எச் கேட்டாச்சு. இறங்கறேன்."

எச்...?

நான் எச் பதிவு செய்யவே இல்லை.

சக்கரம் தரையைத் தொடும் சத்தம்.

அப்புறம்... ஒன்றுமில்லை.

அப்புறம் சைரன்.

விசாரணையில் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். தகவல் எச். ஓடுபாதை உலர்ந்துள்ளது. குரல் என்னுடையதுதான், இல்லை என்று எப்படிச் சொல்ல? வாலுவின் அப்பா எழுந்து வந்து என் முகத்தில் காறித் துப்பினார். துடைத்துக்கொண்டேன். வேலை போனது. கட்டிய மனைவியே, "ஏதோ கவனக்குறைவுல சொல்லிட்டேன்னு ஒத்துக்கிட்டா என்ன?" என்கிறாள்.

ஒரு மாதம் கழித்து, எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவரின் வீட்டைத் தேடிப் போனேன், தளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவருக்கும் ஏதோ விபத்தில்தான் வேலை போனது என்று தளத்து ஜீப் டிரைவர் சொல்லியிருந்தான். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். நான் வாயைத் திறந்து யார் என்று சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"அவர் போய் மூணு வருஷமாச்சு தம்பி. நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு கடைசி வரைக்கும் அழுதார். நான்கூட நம்பல."

"இப்ப நம்பறீங்களாம்மா?"

"அந்தத் தகவலைப் போன்லயும் கேக்கலாம். அவர் குரலைக் கேக்கணும்போல இருந்தா அந்த நம்பருக்குப் போடுவேன். செத்தப்புறமும் அவர் குரல்தான் வந்துச்சு."

மூன்று வருடமும் அந்தப் பெட்டியில் பேசியவன் நான்.

"போன மாசத்துலேர்ந்து வேற குரல்" என்றார். "நீங்க வாசல்ல பேசினதுமே தெரிஞ்சுபோச்சு."

போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"...ஓடுபாதை உலர்ந்துள்ளது."

என் குரல்.

வீட்டுக்கு மேலே ஒரு ஜெட் தாழ்வாகப் போனது. இறங்குவதற்காக.