பின் அச்சில் இரண்டு பித்தளைத் தட்டுகள்

மோட்டார் வாகனத்தின் இயங்கும் உறுப்பு எதையாவது மாற்றுபவர் அதை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்; அறிவித்த நாளிலிருந்து பதில் கிடைக்கும்வரை வண்டியைத் தெருவில் ஓட்டக்கூடாது; பதில் பதினான்கு நாட்களுக்குள் அனுப்பப்படும். விதி இவ்வளவுதான். அதில் என் பங்கை நான் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன்.

முப்பதுகளின் தொடக்கம். நான் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மனைவி வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சனிக்கிழமை பிற்பகல் காரில் போய் அவளை வீட்டுக்கு அழைத்து வருவேன். திங்கள் காலை மணியடிக்குமுன் கொண்டுபோய் விடுவேன். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன இரண்டு ஆசனக் கார் அது. தாழ்ந்த உடம்பு, நீண்ட மூக்கு, வேகத்துக்கென்றே செய்த வண்டி. என் சம்பளத்துக்கும் சுபாவத்துக்கும் அது பொருந்தவில்லை.

ஐப்பசி மழை தொடங்கினால் அது தோட்டப் பாதையின் மூன்றாவது வளைவைத் தாண்டாது. வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூடுதலான தூரம் ஓட வேண்டும் என்பதற்காகப் பின் அச்சின் நடுவே டிஃபரன்ஷல் என்ற பற்சக்கரப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சில்லு சேற்றில் வழுக்கினால் எஞ்சினின் உழைப்பெல்லாம் அந்தச் சில்லிலேயே வீணாகும். கல்லில் ஊன்றி நிற்கும் மற்றச் சில்லு சும்மா நிற்கும். கந்தோர்களில் ஆயுளைக் கழித்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மிச்சத் தூரத்தை அவள் நடந்தே ஏறினாள். இரண்டு திங்கட்கிழமை பிந்திவிட்டாள். மூன்றாவது முறை பிந்தினால் வேலையில்லை என்று தோட்டத்துரை சொல்லிவிட்டார்.

"இஞ்சாருங்கோ," என்றாள், சேற்றில் இறங்கிச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி. "ஒரு சில்லு சுத்துது, வேலை செய்யேல்லை. மற்றது வேலை செய்யக்கூடியது, சுத்துதில்லை. ரண்டும் கவர்மெண்டு உத்தியோகமோ?"

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பட்டறை வைத்திருந்த முஸ்லிம் மெக்கானிக்கிடம் போனேன். அவர் காருக்கடியில் படுத்துக்கொண்டே பேசினார்.

"பந்தயக் கார்ல ரெண்டு சில்லையும் ஒண்டாப் பூட்டிருவாங்க. நமக்கு அது சரிவராது. டயர் தேஞ்சி போகும், ஸ்டியரிங்கும் சொல்லுக் கேக்காது. நாம பாதி பூட்டுவோம்."

"பாதி பூட்டுவதா?"

"பூட்டியும் பூட்டாம. புருஷன் பொஞ்சாதி மாதிரி, கிளாக்கர் ஐயா."

பற்சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு பித்தளைத் தட்டுகளையும் அவற்றை அழுத்தும் ஸ்பிரிங்குகளையும் வைத்தார். இனி ஒரு சில்லு தனியாக ஓடப் பார்த்தால் தட்டுகள் உரசி மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்த திங்கட்கிழமையை இன்னும் கனவாகவே நினைக்கிறேன். பனியில் பாதையும் பள்ளமும் ஒன்றாகக் கிடந்தன. மூன்றாவது வளைவில் உட்சில்லு ஒருமுறை நழுவியது. பிறகு கார் யாரோ இடுப்பில் கைகொடுத்தது போல மெல்ல எழுந்து திரும்பியது. தேயிலை வரிசைகள் எங்களுக்குக் கீழே மிதந்து போயின. அவள் கை என் முழங்கையில் இருந்தது. பள்ளிக்கூடத்தை அடைந்தபோது மணியடிக்கக் கால்மணி நேரம் இருந்தது.

சமதரையில் அதனால் ஒரு பயனும் இல்லை. பேராதனை வீதியின் காய்ந்த வளைவுகளில் காரின் மூக்கு நேரே போகப் பிடிவாதம் பிடித்தது, டயர்கள் முனகின. பாரமில்லாத, வேகமான காருக்கு ஈரமான மலைப்பாதையில்தான் அது உதவும். அந்த வாரமே இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதி, ஒப்புதல் கேட்டு, உரிய காரியாலயத்துக்கு அனுப்பினேன்.

"பொட்டிக்குள்ள ஈக்கிறத யாரு பாக்கப் போற?" என்று அதற்கு முன்பே கேட்டிருந்தார் மெக்கானிக்.

"நீங்கள் எழுதாட்டி ஆருக்குத் தெரியும்?" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும்" என்றேன். மற்றவர்களின் விண்ணப்பங்களை விதி காட்டித் திருப்பி அனுப்புகிறவன் நான். அந்த வயதில் அது நல்ல பதிலாகத் தோன்றியது.

கார் கொட்டிலில் நின்றது. தட்டுகளைக் கழற்றலாம் என்றால், கழற்றுவதும் மாற்றமே. அதற்கும் அறிவித்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் பஸ் இல்லை; திங்கள் காலை முதல் பஸ் போய்ச் சேரும்போது பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். ஆகவே அவள் மலையிலேயே தங்கினாள். நான் மூன்று நினைவூட்டல் கடிதங்கள் எழுதினேன்; மூன்றும் முறைப்படி அமைந்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, மழைக்குள் மலை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏழு வாரம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. "நான் இங்கே, நீங்கள் அங்கே என்றால் கலியாணம் எதற்கு? பள்ளித் தவணை முடிவில் வேலையிலிருந்து விலகுகிறேன். கொழுந்து பறிக்கப் போக இருந்த நாலு பெண்பிள்ளைகளைப் பிடித்து வைத்து வாசிக்கப் பழக்கினேன். இனி அவர்களை யார் பிடித்து வைப்பது என்று தெரியவில்லை."

தவணை முடிந்ததும் ஒரு தகரப் பெட்டியுடன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை.

காரியாலயத்தின் பதில் ஒரே வரி: மேற்படி மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை. அது என் மேசைக்கு வந்தது, அவள் பள்ளிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்த நான்காம் நாள், தைப்பொங்கலுக்கு முந்திய வியாழக்கிழமை.