சைரனம்மா வண்டியில் ஒரு சத்தம்

அந்தத் தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் பாதிப்பேர் திருதிருவென்று முழிப்பார்கள். சைரனம்மா என்று சொன்னால்தான் வீட்டைக் கைகாட்டுவார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் ஓட்டியவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஓய்வு பெற்ற பிறகு வண்டியின் சைரன்தான் நின்றது, தொண்டையில் இருந்தது நிற்கவில்லை. வாசலில் நின்று அவள் போனில் பேசினால் மூன்று வீடு தள்ளித் தூங்குகிற கைக்குழந்தை எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவளைக் கட்டிக்கொண்ட மனுஷனோ காதுமெஷின் கடைக்காரர், நல்ல கனத்த உடம்பு. கடையின் பின்பக்கம் பீரோ அகலத்தில் ஒரு அறை, சுவர் முழுக்க ஸ்பாஞ்சு. அதற்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார். அமுக்கினால் வெளியே மேஜையில் ஒரு பச்சை விளக்கு எரியும். அவருடைய சொந்தக் காது இருக்கிறதே, அது பாம்புக்காது. குழாய் சொட்டுவது இரண்டு அறை தள்ளிக் கேட்கும். ஃபிரிட்ஜ் முனகுகிற தினுசை வைத்தே கதவு சரியாகச் சாத்தவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். இந்த இரண்டு பேருக்கும் யார்தான் முடிச்சுப் போட்டார்களோ என்று உறவுக்காரர்கள் சிரித்தால், இவர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள்.

சைரனம்மாவுக்கு ஒரே ஒரு குறை. இத்தனை வருடம் ஓட்டியதெல்லாம் அடுத்தவர்களின் கஷ்டத்தை நோக்கித்தான். தன் ஆசைக்கென்று, பக்கத்து சீட்டில் புருஷனை உட்காரவைத்து, ஒரு நாள் ஓட்டியதில்லை. அவர் எங்கே போனாலும் ரயில்தான். மற்றபடி எப்போது கூப்பிட்டாலும், “கடையை யாரு பாத்துக்குவா?” என்பார்.

வேலையில் இருந்தபோது, கால் முறிந்த லாரி டிரைவர் ஒருவரை நெடுஞ்சாலையிலிருந்து ஏற்றிவந்தாள். வலியை மறக்க அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு உப்பு ஏரி உண்டாம். எப்போதோ வற்றிப்போய் வெள்ளைவெளேரென்று கிடக்குமாம். மரம் கிடையாது, பறவை கிடையாது. “இன்ஜினை அணைச்சுட்டு நின்னீங்கன்னா ஒரு சத்தம் இருக்காதுக்கா. நம்ம மூச்சு மட்டும்தான் நமக்குக் கேக்கும்.” தலைக்கு மேலே சைரன் அலறிக்கொண்டிருக்க, சைரனம்மாவுக்கு உடனே நினைவு வந்தது வீட்டு மனுஷன்தான். நாள் முழுக்கக் கடையில் கீச்சென்றும் பீப்பென்றும் கேட்டுக் களைத்து வருகிறவர். அவரைக் கொண்டுபோய் அந்த வெள்ளையின் நடுவில் நிறுத்திவிட வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஆனால் ஏரிக்குப் போகிற வழியைப் பாதை என்று சொன்னால் பாதைக்குக் கோபம் வரும். மூன்று நாள் கல்லும் மணலும், நடுவில் ஒரு ஆறு வேறு. அதனால் ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக, ஒரு சுரங்கக் கம்பெனி கழித்துப்போட்ட பழைய ஃபோர்வீல் வண்டியை வாங்கி, இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கதவைத் திறந்தால் கைப்பிடி கையோடு வந்தது. எதிர்வீட்டுக்காரர், “இதைக் காயலான் கடையிலேர்ந்து கொண்டுவந்தீங்களா, கொண்டுபோகப் போறீங்களா?” என்று கேட்டார். “இதுல ஏறி ஊர் சுத்தும்போது கை காட்டுறேன், அப்ப பாருங்க” என்றாள் சைரனம்மா.

அன்றிலிருந்து வண்டிக்கொட்டகையே கதி என்று கிடந்தாள். துணைக்கு அடுத்த தெரு வெல்டிங்காரர். ஒட்டடைக்குச்சிக்குச் சட்டை மாட்டியது போல ஒரு ஆள். ஆனால் அவர் வைத்த பற்றை யானை இழுத்தாலும் விடாது. நைந்துபோன பட்டை ஸ்பிரிங்கைக் கழற்றி, உயரமும் கனமும் கூடியதாக மாற்றினார்கள். இன்ஜினுக்கு அடியில் கல் அடிக்காமல் தடித்த தகடு. ஆற்றில் இறங்கினால் இன்ஜின் தண்ணீர் குடிக்காமலிருக்க, கூரை வரைக்கும் ஒரு மூச்சுக்குழாய். கூரைமேல் விரிக்கிற கூடாரம், விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனி பேட்டரி, பின்னால் இழுப்பறைகள். முன் சீட்டுக்கு அடியிலிருந்த இரும்புப் பெட்டியில் ஜாக்கி கிடந்தது. அதை இழுப்பறைக்கு மாற்றிவிட்டு, பெட்டியைக் காலியாக விட்டாள்.

ஒரு வழக்கம் வைத்திருந்தாள். போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து தகடு வரைக்கும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுவாள். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கல்யாணத்தன்றுகூட நகத்துக்குப் பூசாதவள் கடையில் பாட்டில் பாட்டிலாக வாங்குவதைப் பார்த்துக் கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிவப்புக் கோடு நேராக இருந்தால் அந்த வேலை முடிந்தது, பிறகு அந்தப் பக்கம் சைரனம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

வண்டி முதல்முறை உறுமியபோது புருஷனைக் கூப்பிட்டு ஏரி விஷயத்தைச் சொன்னாள். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

“வர்றேன். ஆனா ஒண்ணு. லொடலொடன்னு சத்தம் போட்டா நான் ஏற மாட்டேன். மூணு நாள் அதைக் கேட்டுட்டு உக்கார என்னால ஆகாது.”

“ஒரு பொட்டு சத்தம் இல்லாம பண்றேன். வருவீங்கல்ல?”

“வர்றேன்னு சொன்னேன்ல.”

பிறகு என்ன, ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்குவாரிப் பாதையில் வெள்ளோட்டம். அவர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். “பின்னாடி வலது பக்கம். லொடக்குன்னு.” இழுப்பறைக்கு அடியில் கம்பளித்துணி ஒட்டப்பட்டது. “முன்னாடி, கீழ. கிறீச்சுன்னு.” ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் மாற்றப்பட்டது. சைலன்ஸர் தகட்டின் கரகர, கூரைக்கம்பியில் காற்று போடும் உய்ங், கதவுக் கண்ணாடியின் தடதட என்று ஒவ்வொன்றாக அவர் பெயர் சொல்லச் சொல்ல, இவள் பிடித்துப் பிடித்து அமுக்கினாள். இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. திரும்பி வரும்போது அவர் வண்டியைத் தட்டிக்கொடுப்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

கடைசியில் ஒரே ஒரு சத்தம் மிஞ்சியது. கிணுக்.

“எனக்குப் பக்கத்துலதான். பெரிய பள்ளத்துல விழுந்தா மட்டும்” என்றார். அவள் காதுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தனியாக ஓட்டிப் பார்த்தாள், இல்லை. அடுத்த ஞாயிறு அவர் ஏறினார், கிணுக் என்றார். வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தாள். எல்லாச் சிவப்புக் கோடும் நூல் பிடித்தாற்போல் இருந்தது. வெல்டிங்காரரை அதே சீட்டில் உட்காரவைத்து, அதே பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினாள். அவர் தலை கூரையில் இடித்ததுதான் மிச்சம், கிணுக்கைக் காணோம்.

“அண்ணனுக்கு மட்டும் கேக்குதுன்னா அது வண்டில இல்லக்கா” என்று தலையைத் தடவிக்கொண்டே சொன்னார் வெல்டிங்காரர்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வண்டியில் இல்லை என்றால் எங்கே இருக்கிறது? மனதில். அவருக்கு வர மனமில்லை, வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லாமல் ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வருட உழைப்பும் வீண் என்பதைவிட, இந்த மனுஷனுக்குத் தன்னோடு வர ஆசையில்லையே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ரத்தவெள்ளத்தில் கிடந்தவர்களையெல்லாம் கண் கலங்காமல் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓட்டியவள், வண்டியின் பின்படியில் ஸ்பேனரோடு உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

அன்று சாயங்காலம் கேட்டே விட்டாள்.

“வர விருப்பமில்லன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல?”

“என்ன பேசுற நீ? சத்தியமா கேக்குது.”

“உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்கும்? விடுங்க, நீங்க வரவேணாம். நான் தனியாப் போய்க்கிறேன்.”

அவர் விறுவிறுவென்று உள்ளே போனார். மறுநாள் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். இவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

தனியாகப் போவது என்றாகிவிட்டது. பாரம் ஏற்றி ஓட்டிப் பார்ப்போம் என்று இரண்டு பெரிய கேன்களில் தண்ணீர் பிடித்தாள். பின்னால் இடமில்லை. யாரும் உட்காரப் போகாத சீட்டுதானே என்று வீம்புக்கு அங்கேயே ஏற்றி, பெல்ட்டும் போட்டுவிட்டாள். கல்குவாரிப் பாதை. அதே பள்ளம்.

கிணுக்.

பிரேக்கை மிதித்த மிதியில் கேன்கள் இரண்டும் அவளைக் கும்பிட்டன. இறங்கி அவற்றைப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி இறக்கினாள், ஒன்றுமில்லை. திரும்பத் தூக்கிச் சீட்டில் வைத்து இறக்கினாள், கிணுக். சைரனம்மா ஸ்டீயரிங்கை முத்தமிட்டாள். ஆள் கனமாக இருந்தால்தான் வருகிறது! வெல்டிங்காரர் உட்கார்ந்தால் சீட்டுக்கே தெரியாதே, சத்தம் எப்படி வரும்? அவள் புருஷன் பொய் சொல்லவில்லை.

சத்தத்தைத் தேடும்போது அவள் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத இடம் அந்தச் சீட்டின் அடிதான். நான்கு போல்ட்டிலும் சிவப்புக் கோடு நேராக இருந்தது, தன் கையால் காலி செய்த பெட்டி வேறு. இன்றைக்குத் தன் கோட்டைத் தானே உடைத்து, போல்ட்டைக் கழற்றிச் சீட்டைத் தூக்கினாள். ஜாக்கி கிடந்த பெட்டியில் ஒரு தகர டப்பா. ஜாக்கிக் கம்பி போகிற பக்கவாட்டு ஓட்டை வழியாக யாரோ கையை விட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள். மேலே கனமான ஆள் உட்கார்ந்து வண்டி குதித்தால், மெத்தையின் கம்பிச்சுருள் தாழ்ந்து டப்பா மூடியில் முட்டும்.

திறந்தாள். உள்ளே இஞ்சி மிட்டாய், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தது. அதற்கடியில் பயணத்தில் வரும் வாந்திக்கான மாத்திரை அட்டைகள், ஒரு ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி. காதுமெஷின் பேட்டரிகளை அப்படித்தான் கட்டி வைப்பார் அவள் வீட்டுக்காரர். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மாத்திரை போன வருடமே காலாவதி. வெள்ளோட்டம்கூடத் தொடங்காத காலத்திலேயே மனுஷன் கிளம்பத் தயாராக இருந்திருக்கிறார்.

சீட்டைப் பூட்டக்கூட நிற்காமல் நேரே கடைக்கு விட்டாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, டப்பாவை மேஜையில் டக்கென்று வைத்தாள்.

“இந்தாங்க உங்க கிணுக்கு!”

அவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காதுமடல் வரைக்கும் சிவந்துபோனார்.

“ஐயோ. இதை அங்க வச்சதையே மறந்துட்டேன்.”

“எதுக்கு ஒளிச்சு வச்சீங்க?”

“எனக்கு... வளைஞ்சு வளைஞ்சு போற ரோடுன்னா குமட்டும். சின்ன வயசுலேர்ந்தே. நீயோ அவ்வளவு நல்லா ஓட்டுறவ. உன் பக்கத்துல உக்காந்து வாந்தி எடுத்தா நல்லாவா இருக்கும்? அதான் எப்பவும் கடையைக் காரணம் சொல்வேன். இந்தத் தடவை எப்படியும் வந்துடணும்னுதான் வாங்கி வச்சேன்.”

“அட மனுஷா! ஊர்ல உள்ளவங்க வாந்தியெல்லாம் இருபது வருஷமாக் கழுவினவ நான். உங்க வாந்திக்கா மூக்கைப் பொத்தப் போறேன்?”

மேஜையில் பச்சை விளக்கு படபடவென்று எரிந்து எரிந்து அணைந்தது. ஸ்பாஞ்சு அறைக்குள் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பதை இருவரும் மறந்தே போயிருந்தார்கள். கதவைத் திறந்ததும் அவர் முகமெல்லாம் பல்லாக, “நல்லாக் கேக்குதுங்க. எல்லாமே கேட்டுச்சு. எனக்கு மெஷினே வேணாம்னு நெனைக்கிறேன்” என்றார்.

அடுத்த வாரம் கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரருக்கு மறக்காமல் கை காட்டினாள். புது மாத்திரையைப் போட்டுக்கொண்டும் அவர் மலையேறும்போது இரண்டு தடவை, இறங்கும்போது ஒரு தடவை வாந்தி எடுத்தார். ஒவ்வொரு தடவையும் அவள் வண்டியை ஓரங்கட்டி, முதுகைத் தடவிவிட்டு, கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள். மூன்றாவது தடவை அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?” என்று சிரித்தார். ஆற்றில் இறங்கியபோது மூச்சுக்குழாய் தன் கடமையைச் செய்தது. இரண்டு வருட உழைப்பில் ஒரு போல்ட் சிணுங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஏரி வந்தது. கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள். சூடாறுகிற இரும்பு கொஞ்ச நேரம் டிக் டிக் என்றது, பிறகு அதுவும் அடங்கியது. அவர் இறங்கிப் போய்க் கண்ணை மூடி நின்றார். தோள் மெல்லத் தளர்ந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சைரனம்மா வாயைத் திறக்காமல் நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதையும் சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அவர் திரும்பினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு குறையுதே.”

அவள் பதறிப்போனாள். “என்னங்க?”

அவர் வண்டிக்குப் போய்த் தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயது தாண்டிய மனுஷன், திங்குதிங்கென்று குதித்தார்.

கிணுக். கிணுக். கிணுக்.

ஏறும்போதே டப்பாவைத் திரும்ப அதே இடத்தில், அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தார். சைரனம்மா சிரித்த சிரிப்பு அந்த ஏரி முழுக்கக் கேட்டது.