ராஜாளிக்குப் பிறக்காத குதிரைகள்

ராஜாளியின் வர்க்கம் என்று சொல்லி நீங்கள் மாலை போட்ட பந்தயக் குதிரைகளில் ஒன்றுகூட ராஜாளிக்குப் பிறந்ததில்லை. அந்த ஏமாற்றைச் செய்தவள் நான். பதினாறு ஆண்டுகளாக வாய் திறக்காமல் இருந்தவளும் நான்தான்.

என்னை யாரும் தூண்டவில்லை, மிரட்டவும் இல்லை. முழு அறிவோடு, பட்டப்பகலில் செய்தேன்.

குதிரை வண்டிப் பந்தயம் என்றால் வேலையைப் போட்டுவிட்டுச் சாலையோரம் வந்து நிற்கும் உங்களிடம்தான் சொல்கிறேன். ஒலிபெருக்கியில் "ராஜாளியின் பேரன் வருகிறான்" என்று அறிவித்ததும் கை தட்டுகிறீர்களே, அந்தக் கைதட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. சிரிப்பு மட்டும்தானா வந்தது? அதைப் பிறகு சொல்கிறேன்...

என் கணவர் ஜோசப்பின் குதிரை ராஜாளி. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அவன் ஓடிய காலத்தில் களியக்காவிளை தொடங்கி வள்ளியூர் வரை அவனை முந்திய வண்டி கிடையாது. ஓட்டத்திலிருந்து நிறுத்திய பிறகு பொலிகுதிரையாகத் தொழுவத்தில் கட்டினோம். ராஜாளியின் அப்பன் யார், அப்பனுக்கு அப்பன் யார், அது எந்த ஊரில் யாருடைய லாயத்தில் நின்றது என்று என் கணவர் ஏழு தலைமுறை சொல்வார். கோயிலில் பைபிளின் வம்ச வரிசை வாசிப்பதைப்போல நிறுத்தாமல் சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

எனக்கு அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் கடற்கரையில் பிறந்தவள். அப்பா கட்டுமரம் தள்ளியவர், அம்மா மீன் சுமந்தவள். ஜோசப் என்னை விரும்பிக் கட்டிக்கொண்டு கருங்கல்லுக்கு மேற்கே இருக்கும் இந்தத் தென்னந்தோப்பு வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவருடைய தகப்பனார் ஆறு மாதம் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை. ஏன் மறக்க வேண்டும்?

ஜோசப் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார். குதிரையை என் கையில் விட்டுவிட்டுப் போனார். புல் அறுத்ததும், கொள்ளு வேகவைத்ததும், குளம்பில் புண் வந்தால் மருந்து கட்டியதும் நான். ஆனால் ஊரில் அது 'ஜோசப் குதிரை'.

அவர் போன ஆண்டே ராஜாளிக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. பதினொரு நாள் கீழே படுத்துக் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு வந்த மூன்று பெட்டைக் குதிரைகளும் சினை பிடிக்காமல் திரும்பிப் போயின. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இனி இவனால ஆகாதும்மா. சாப்பிடுவான், நிப்பான், மத்தபடி ஒண்ணுமில்ல."

அன்று மாலை ஜோசப் தொலைபேசியில் கேட்டார். "நம்ம பயலு எப்பிடி இருக்கான்?"

"நல்லா இருக்கான்," என்றேன்.

பொய் அங்கேதான் தொடங்கியது. சின்னப் பொய். தூரதேசத்தில் வெயிலில் நின்று உழைப்பவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று எண்ணினேன். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தேன். இரக்கம்தானா...?

எங்கள் தொழுவத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் இன்னொரு குதிரையும் நின்றது. தேங்காய்ப்பட்டணத்து அபூபக்கர் அண்ணனின் மட்டக்குதிரை, பெயர் மணியன். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குச் சுற்றிப்பார்க்க வரும் பிள்ளைகளை முதுகில் ஏற்றி மணலில் நடத்திச் சம்பாதிக்கும் குதிரை. மழை தொடங்கினால் கடற்கரைக்கு யார் வருவார்கள்? என் அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால், ஆனி ஆடி இரண்டு மாதமும் மணியனை எங்கள் தொழுவத்தில் கட்டிவிட்டுப் போவார். அதுவும் செவலை. சுட்டி கிடையாது, உயரம் சற்றுக் குறைவு. ஆனால் அதைப்போல நிதானமான ஓர் உயிரை நான் பார்த்ததில்லை. தகரக் கூரையில் தேங்காய் விழுந்தாலும் காது மட்டும் அசையும், கால் அசையாது.

அந்த ஆனி மாதத்தில்தான் செல்லத்துரை வந்தார். பந்தயக் குழுவின் தலைவர். விலை உயர்ந்த பெட்டைக் குதிரை ஒன்றை லாரியிலிருந்து இறக்கினார். ராஜாளியைச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு தன்னோடு வந்தவரிடம், நான் கேட்கும்படியாகவே சொன்னார்.

"குதிரைக்கு ரத்தம்தான் வேய் எல்லாம். மனுசருக்கும் அதேதான். ஜோசப் குதிரை எடுக்கதுல தப்பே பண்ணினதில்ல. பெண்ணு எடுக்கதுலதான் கண்ணு தப்பிப்போச்சு."

வந்தவர் சிரித்தார். நான் அவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். குடித்தார்கள்.

பெட்டைக் குதிரையை விட்டுவிட்டுப் போனால் ஒரு வாரம் கழித்துத்தான் வந்து அழைத்துப்போவார்கள். நடுவில் நடப்பதற்கு என் வாய்வார்த்தை ஒன்றே சாட்சி. மறுநாள் மழை வெறித்திருந்தது. உச்சிவேளையில் தோப்பில் ஆள் இல்லை. மணியனை அவிழ்த்து அந்தப் பெட்டையிடம் கொண்டுபோனேன்.

தயங்கினேனா என்று கேட்பீர்கள். தயங்கவில்லை. கடற்கரை மணலில் காலூன்றிய ரத்தம் உன் வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்துக்கொண்டே கயிற்றைப் பிடித்திருந்தேன்.

பதினொரு மாதம் கழித்துப் பிறந்த குட்டிதான் மின்னல். அதன் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நான்கு ஆண்டுகள் தோற்காத குதிரை. எங்கள் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. ஒரே சீராக ஓட வேண்டும், நடை குலைந்து நாலுகால் பாய்ச்சலுக்கு மாறினால் அந்த வண்டி கணக்கில் சேராது. காய்ச்சலுக்கு முன் ராஜாளிக்குப் பிறந்த நான்கு குட்டிகள் இருந்தன. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கூட்டம் ஆரவாரித்ததும் மிரண்டு பாய்ந்துவிடும். கடைசியில் கல்யாண ஊர்வலத்துக்குப் போயின. மின்னல் மிரளவில்லை. பட்டாசு வெடித்தாலும் அதே ஓட்டம். அந்த நிதானம் யாருடையது? ஏழு தலைமுறை சொன்னீர்களே, அதில் எந்தத் தலைமுறையிலிருந்து வந்தது?

அதன்பின் மூன்று மழைக்காலம் மணியனையே பயன்படுத்தினேன். ஒன்பது குட்டிகள். ஒன்பதும் ராஜாளியின் பெயரில். ராஜாளி செத்தபோது மேளத்தோடு புதைத்தீர்கள். செல்லத்துரை கண்ணீர் விட்டார். அவன் நல்ல குதிரை, அழ வேண்டியதுதான். ஆனால் நீங்கள் அழுதது ரத்தத்துக்காக.

ஒருமுறை பந்தயத்தில் அபூபக்கர் அண்ணன் என் பக்கத்தில் நின்றார். மின்னல் எங்களைக் கடந்து போனது. அவர் நெடுநேரம் அது போன திசையையே பார்த்தார்.

"தங்கச்சி, இந்த ஓட்டத்த நான் எங்கயோ கண்டிருக்கேன்."

"ராஜாளிக்க ஓட்டம்லா அண்ணா," என்றேன்.

"இருக்கும்," என்றார்.

அவர் போய்ச்சேர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கடைசிவரை மணலில் பிள்ளைகளை நடத்திக்கொண்டிருந்தார், தன் குதிரை என்னவென்று தெரியாமலே. அவருக்குச் செய்தது அநியாயம். ஒப்புக்கொள்கிறேன். செல்லத்துரைக்குச் செய்ததை அநியாயம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல குதிரைதானே கேட்டார்? நல்ல குதிரைதானே கொடுத்தேன்?

இந்த இடத்தில் நிறுத்தினால் நான் ஜெயித்தவளாக இருப்பேன். நிறுத்த முடியவில்லை... லீலா இருக்கிறாள்.

லீலா அருமனைக்காரி. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை. புருஷன் பாம்பு கடித்து இறந்தபின், அவன் ஆசையாக வாங்கிவைத்திருந்த ஒரு பெட்டைக் குதிரையை விற்காமல் வைத்துக்கொண்டாள். அம்பிளி என்று பெயர். அதுவும் என் தொழுவத்தில் உருவான ஒன்பதில் ஒன்று. என்னைத் தேடி வந்து குதிரை வளர்க்கக் கற்றுக்கொண்டாள். 'எக்கா' என்று கூப்பிட்டவள் பிறகு எனக்குத் தங்கையாகவே ஆகிப்போனாள். ஊரார் என்னை இளக்காரமாகச் சொல்லும் கடப்புறத்துக்காரி என்ற சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை.

அம்பிளிக்கு இணை தேடியபோது அவள் என்னிடம்தான் வந்தாள். ராஜாளியின் மகளுக்கு ராஜாளியின் மகனைச் சேர்க்கக் கூடாது, ஒரே ரத்தம் சேர்ந்தால் குட்டி ஊனமாகும் என்று நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் நன்றாக யோசித்திருந்தாள்.

"எக்கா, அபூபக்கர் காக்காக்க மணியன் கொள்ளாம்லா? நல்ல குணம். அது ராஜாளி ரத்தம் இல்லல்லா?"

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம்... அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றேன்.

பொய் சொல்லவில்லை, பாருங்கள். மணியன் ராஜாளியின் ரத்தம் இல்லைதான். என் வாழ்நாளில் நான் சொன்ன மிகக் கொடிய சொல் அந்த உண்மைதான். அப்பனையே மகளோடு சேர்க்கச் சம்மதித்தேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பத்தில் ஒன்றுக்குத்தானே ஆகும் என்று நினைத்தேன்.

ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் லீலா அழைத்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அம்பிளி ரப்பர் மரத்தடியில் கிடந்தது. குட்டியின் முன்னங்கால்கள் இரண்டும் மடங்கி இறுகிப்போயிருந்ததால் வெளியே வரவில்லை. டாக்டர் முழங்கை வரை விட்டு இழுத்தார். வந்த குட்டிக்கு உயிர் இல்லை. அம்பிளி மத்தியானம் வரை மூச்சு விட்டது. அதன் தலையை மடியில் வைத்து லீலா ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்த்து, "எக்கா, நீங்க வந்துட்டியள்லா, இனி சரியாயிரும்," என்றாள்.

குழி வெட்ட நானும் மண் அள்ளினேன். அப்போதும் சொல்லவில்லை. அதன்பின் அவள் குதிரை வளர்க்கவில்லை. தொழுவத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டாள்.

அது நடந்து பத்து ஆண்டுகளாகின்றன. ஏன் இப்போது எழுதுகிறேன்? போன மாதம் லீலா வந்தாள். அவள் மகன் குவைத்திலிருந்து திரும்பி, மின்னலின் மகன் ஒன்றை வாங்கியிருக்கிறான். தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பெட்டை விலைக்கு வருகிறதாம். மணியனின் கடைசிக் குட்டியாம். இரண்டையும் ஒன்றாக வளர்க்கலாமா, குட்டி எடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். முகத்தில் அத்தனை வெளிச்சம். பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த முகத்தைப் பார்த்தேன்.

என் கணவர் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மஸ்கட்டை விட்டு வந்து நாளாகிவிட்டது, வருகிறவர்களிடம் இன்றும் ஏழு தலைமுறை சொல்கிறார். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அது வேண்டாம் மக்கா."

"ஏன் எக்கா? இது வேற ரத்தம், அது வேற ரத்தம்லா?"

"வேண்டாம்ணா வேண்டாம். வேற நல்ல பெட்டை நான் பாத்துத் தாரேன்."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எனக்க கைக்கு ராசி கெடையாதுண்ணு நெனைக்கியளா எக்கா? அம்பிளி செத்தது எனக்க ராசியாலதாண்ணு நான் இதுவரை யாருட்டயும் பறஞ்சதில்ல. மாமியாரு பறஞ்சா, புருசன முழுங்கினவ குதிரையையும் முழுங்குவாண்ணு. நீங்க அப்பிடி நெனைக்க மாட்டியண்ணு இருந்தேன்."

நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அம்பிளியின் தலையை மடியில் வைத்து அவள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் வாய் திறக்கவில்லை.

"சரி எக்கா," என்று எழுந்தாள். மகனிடம் சொல்லிப் பெட்டையை வேண்டாமென்று விட்டுவிட்டாள். மின்னலின் மகனையும் அவள் மகன் விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். தன் நிழல் அதன்மேல் விழ வேண்டாம் என்று அவளே விற்கச் சொன்னாளாம்.

செல்லத்துரை வழக்குப் போடட்டும். பந்தயக் குழு தன் அறையில் மாட்டியிருக்கும் ராஜாளியின் படத்தை இறக்கட்டும். என் கணவர் இதைப் படித்துவிட்டு என்னைப் பிறந்த ஊருக்கு அனுப்பினால் போகிறேன், எனக்கு அங்கே வழி தெரியும். உங்கள் ரத்தப் பெருமையை ஒரு மணற்குதிரை உடைத்தது. அதற்காக உங்களில் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்கவே மாட்டேன்.

ஆனால் அருமனையில் ஒருத்தி தன் கையைத் தானே சபித்துக்கொண்டு பால்வெட்டப் போகிறாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இத்தனை பக்கம் எழுதிய நான், அவளிடம் சொல்ல வேண்டிய ஒரு வரியை இன்னும் சொல்லவில்லை.