அக்கா கையிலிருந்த பட்டை

“தினமும் வாசல்ல காவலாளி உன்கிட்ட என்ன கேக்கிறார்?” என்றார், எப்போதும் பேட்டரியைப் பற்றியே பேசுவதால் எல்லோரும் ‘பேட்டரி சார்’ என்று கூப்பிடும் எங்கள் சார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது.

“அட்டையைக் காட்டச் சொல்றார்.”

“பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ்?”

“அதெல்லாம் சேர்ற அன்னைக்கே காட்டியாச்சே சார்.”

“நம்ம கைப்பட்டை பாவம்மா. சர்வரோட பேசறப்பல்லாம் முதல்லேர்ந்து எல்லாத்தையும் காட்டுது. அதுலயே பாதி பேட்டரி காலி.”

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “உங்களுக்கு எத்தனை பர்சென்ட் மிச்சம் சார்?”

“உன் மூளையை விடக் கொஞ்சம் அதிகம்டா.”

எங்கள் நிறுவனம் செய்தது, இதயத்துடிப்பை அளந்து அனுப்பும் கைப்பட்டை. பழைய மாடலில் பேட்டரியை மாற்றவும் முடியாது, சார்ஜ் ஏற்றவும் முடியாது; அது இப்போது விற்பனையிலும் இல்லை. வேறு ஊரில் தனியாக இருக்கும் சாரின் அக்கா அதைத்தான் கட்டியிருந்தார். போனில் எப்போது கேட்டாலும் “நல்லாத்தான்டா இருக்கேன்” என்று சொல்லிவிடும் அக்கா. பட்டைக்குப் பொய் சொல்ல வராது என்பார் சார். புது மாடலுக்குத் தொடுதிரைக் கைப்பேசி வேண்டும். அக்காவுக்குப் பார்வை போய்விட்டது.

ஒருமுறை உறுதியான ரகசிய இணைப்பைப் பட்டை நினைவில் வைத்துக்கொண்டு, சர்வர் கொடுத்த டிக்கெட்டை வாசல் அட்டை போல அடுத்த முறை காட்டி அதையே தொடரும்படி அவர் புரோகிராம் எழுதினார். மேசையில் அருமையாக ஓடியது. பொறுக்க முடியாமல், முதல் வேலையாக அக்காவின் பட்டைக்கே அனுப்பிவிட்டார்.

மேசையில் இருந்தது ஒரு சர்வர். வெளியே நிஜப் பட்டைகள் பேசுவது நான்கு சர்வர்களோடு. ஒன்று கொடுத்த டிக்கெட்டை இன்னொன்று செல்லாது என்றது. பட்டை டிக்கெட்டையும் காட்டி, பிறகு பழையபடி எல்லாவற்றையும் காட்டி, முன்னைவிட வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. பழைய புரோகிராமைத் திரும்ப ஏற்றலாம்தான். ஏற்றுவதே மிச்சத்தையும் தின்றுவிடும்.

ஒன்று கொடுத்த டிக்கெட் மற்றதிலும் செல்லும்படி நான்கு சர்வர்களுக்கும் பொதுவாக ஒரு சாவி கேட்டு, சர்வர் பிரிவுத் தலைவியின் முன் போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

“நிறுத்தப்போற மாடலுக்காக நாலு பூட்டுக்கு ஒரே சாவியா? திருடுபோனா மொத்தமும் போச்சு சார்.”

அவர் சொன்னதும் நியாயம்தான். “எங்க அக்கா...” என்று ஆரம்பித்த சார், தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

அந்த மாடலுக்கு இனி யாரும் புரோகிராம் எழுத வேண்டாம் என்றார்கள்; அதோடு சாரின் வேலையும் போனது. கடைசி நாள் பையோடு லிஃப்ட் வரை போனவர், திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா பட்டை கடைசியா எப்பப் பேசுச்சுன்னு தினமும் பார்த்து எனக்குச் சொல்லும்மா. ஒரு நாள் பேசாமப் போயிடும். அன்னைக்கு ‘பேட்டரியாத்தான் இருக்கும் சார்’னு மட்டும் சொல்லிடாதே.”